நிறம் ஏறினால் மட்டும் போதுமா? விலங்குத் திசுக்களில் எதிர்ப்பொருள் சோதனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாய்களின் நிணநீர் முடிச்சுப் புற்றுநோய் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். எங்களிடம் உள்ள, டி செல்களைக் காட்டும் சிடி3 எதிர்ப்பொருளின் தகவல் தாளில் மனிதர், சுண்டெலி என்று மட்டுமே இருக்கிறது. நாய்த் திசுவில் பயன்படுத்தலாமா?

பதில்: இந்தச் சோதனையில், மெல்லிய திசுச் சீவலில் உள்ள ஒரு புரதத்தை எதிர்ப்பொருள் பற்றும், பற்றிய இடம் பெரும்பாலும் பழுப்பு நிறமாகத் தெரியும். தகவல் தாளில் ஒரு விலங்கின் பெயர் இல்லையென்றால், அந்த விலங்கில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள், அதில் வேலை செய்யாது என்று கொள்ள வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் ஒரு புரதத்தின் சிறு பகுதியை மட்டுமே பற்றுகிறது, அந்தப் பகுதி இரண்டு விலங்குகளிலும் ஒன்றாக இருந்தால் இரண்டிலும் பற்றும். சிடி3 எப்சிலான் சங்கிலியில் செல்லுக்குள் அமைந்த பகுதி பாலூட்டிகளிடையே அதிகம் மாறவில்லை. ஆகவேதான் மனிதப் புரதத்தின் 156 முதல் 168 வரையிலான அமினோ அமிலங்களைக் கொண்டு முயலில் உருவாக்கிய எதிர்ப்பொருள் நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் நோயறிதலிலும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. செல்லின் வெளிப்புறப் பகுதிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. எனவே உங்களிடம் உள்ளது எந்தப் பகுதிக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

அடுத்து, நோயற்ற நாயின் நிணநீர் முடிச்சு ஒன்றை எடுத்துச் சாயமேற்றுங்கள். பி செல்கள் திரண்ட நுண்ணறைகளுக்கு இடைப்பட்ட, டி செல்கள் நிறைந்த பாராகார்டெக்ஸ் பகுதி அடர்பழுப்பாகவும், நுண்ணறைகளின் நடுவே அங்கங்கே சில செல்கள் மட்டும் பழுப்பாகவும் தெரிய வேண்டும். பி செல்களைக் காட்டும் சிடி79ஏ எதிர்ப்பொருளை அடுத்த சீவலில் இட்டால் இதற்கு நேர்மாறான படம் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு சீவல்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் புற்றுத் திசுவைத் தொடாதீர்கள். புற்றுத் திசுவிலும், பழுப்பேறியவை பெரிய புற்றுச் செல்களா, இடையே சிதறிக்கிடக்கும் சிறிய இயல்பான டி செல்களா என்று பார்த்த பிறகே முடிவெழுதுங்கள். தவறான அறிக்கைகளில் பல இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

கேள்வி: சுண்டெலியின் மூளையில், சுண்டெலியில் உருவான எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறேன். எங்கு பார்த்தாலும் பழுப்பாகவே இருக்கிறது. செறிவைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: தேடும் புரதத்தைப் பற்றும் முதல் எதிர்ப்பொருளை விட்டுவிட்டு மற்ற எல்லாப் படிகளையும் ஒரு சீவலில் செய்து பாருங்கள். அப்போதும் பழுப்பு வந்தால், சுண்டெலி ஐஜிஜி-யை (சுண்டெலியின் எதிர்ப்பொருள் வகை) தேடிச் சென்று, முதல் எதிர்ப்பொருள் பற்றிய இடத்தைக் காட்டும் உங்கள் இரண்டாம் எதிர்ப்பொருள், திசுவில் இயல்பாகவே உள்ள ஐஜிஜி-யையும் பற்றுகிறது என்று பொருள். இரத்தக் குழாய்களைச் சுற்றி நிறம் அடர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். முயலில் உருவான முதல் எதிர்ப்பொருளுக்கு மாறுவது எளிய வழி. அது கிடைக்காவிட்டால், சுண்டெலி ஐஜிஜி-க்கு எதிரான ஃபேப் துண்டுகளால் (எதிர்ப்பொருளின் பற்றும் பகுதிகள்) முன்கூட்டியே மறைக்கலாம், அல்லது நொதியோ ஒளிர்பொருளோ நேரடியாக இணைக்கப்பட்ட முதல் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தலாம். மூளையை எடுக்கும் முன் உப்புக்கரைசலைச் செலுத்தி இரத்தத்தை வெளியேற்றுவதும் கைகொடுக்கும். சிவப்பணுக்கள் மட்டும் பழுப்பாக இருந்தால் காரணம் வேறு, அவற்றின் ஹீமோகுளோபினே நொதியைப் போல நிறத்தை உண்டாக்குகிறது. அங்கே 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும்.

கேள்வி: ஃபார்மலினில் இரண்டு வாரம் கிடந்த திசுவில் எந்த எதிர்ப்பொருளும் ஏறவில்லை. திசு வீணாகிவிட்டதா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபார்மலின் புரதங்களுக்கிடையே மெத்திலீன் பாலங்களை உருவாக்கி, எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய இடத்தை மறைத்துவிடுகிறது. சீவலைக் கரைசலில் சூடாக்கினால் அந்த மறைப்பு பெருமளவு நீங்கும் என்று 1991-இல் ஷியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். பி.எச். 6 கொண்ட சிட்ரேட்டில் 95 முதல் 98 டிகிரி வரை 20 நிமிடம் வைத்து, அதே கரைசலிலேயே ஆறவிடுங்கள். பலனில்லை என்றால் பி.எச். 9 கொண்ட டிரிஸ்-இ.டி.டி.ஏ.வில் செய்யுங்கள், நெடுநாள் ஊறிய திசுக்களுக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது. மின்னேற்றம் கொண்ட ஸ்லைடுகளைப் பயன்படுத்தாவிட்டால் சூட்டில் சீவல் கழன்று மிதக்கும்.

கூடவே ஒரு சீவலில், பல திசுச் செல்களில் காணப்படும் விமென்டின் என்ற புரதத்தைச் சோதியுங்கள். இரத்தக் குழாய்ச் சுவரின் செல்களில்கூட விமென்டின் ஏறவில்லை என்றால் பழுது திசுவில்தான் இருக்கிறது. அங்கு ஏறி, நீங்கள் தேடும் புரதம் மட்டும் ஏறவில்லை என்றால்தான் “இல்லை” என்று எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. இனிமேல் திசுவை 5 மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டி, அதன் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில் இட்டு, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அடுத்த கட்டத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் நாயின் தோலில் இருந்த கட்டியை அகற்றினார்கள், மாஸ்ட் செல் கட்டி என்று அறிக்கை வந்தது. இப்போது கூடுதல் ஐ.எச்.சி. (திசுவில் எதிர்ப்பொருள்) சோதனை வேண்டும் என்கிறார்கள். மறுபடியும் அறுவை செய்ய வேண்டுமா?

பதில்: அச்சம் வேண்டாம், அறுவை தேவையில்லை, ஆய்வகத்தில் உள்ள, திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கிலிருந்தே சீவல் எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது கிட் என்ற புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்பதையும், கேஐ-67 மூலம் எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதையும்தான். கிட் செல்லின் விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரிவது நல்ல அறிகுறி. செல்லுக்குள் திரண்டோ பரவியோ இருந்தால் கட்டி மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல். அறிக்கையில் கட்டியின் தரம் நடுத்தரம் என்றிருந்தால் செலவு செய்வது தகும் என்பது என் கருத்து. தரம் தெளிவாகக் குறைவு என்றிருந்து, கட்டி ஓரங்களோடு முழுமையாக நீக்கப்பட்டிருந்தால், இந்தச் சோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: நாயின் வாயில் இருந்த கருநிறக் கட்டியில் பழுப்புச் சாயம் எது, மெலனின் எது என்றே தெரியவில்லை.

பதில்: பழுப்பு நிறம் தரும் டி.ஏ.பி.க்குப் பதிலாகச் சிவப்பு நிறம் தரும் ஏ.ஈ.சி.யைப் பயன்படுத்துங்கள். அது ஆல்கஹாலில் கரையும் என்பதால் நீர் சார்ந்த ஒட்டுபொருளால் மூட வேண்டும்.

கேள்வி: கட்டுரையை மதிப்பிட்டவர், எதிர்ப்பொருள் குறிப்பிட்ட புரதத்தைத்தான் பற்றுகிறது என்பதற்குச் சான்று கேட்கிறார். பல கட்டுரைகளில் வந்த எதிர்ப்பொருள் என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது, அவர் கேட்பது நியாயமே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவைக் காட்டுவதாக நம்பப்பட்ட 13 எதிர்ப்பொருள்களை 2017-இல் ஒரு குழு முறையாகச் சோதித்தபோது, ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதைக் கொண்டு பார்த்தபோது, மனித மார்பகத் திசுவில் இருப்பதாகப் பல கட்டுரைகள் எழுதிய அந்தப் புரதம் அங்கே காணப்படவில்லை. எத்தனை ஆண்டு உழைப்பும் எத்தனை விலங்குகளும் இதில் வீணாயின என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் அதே திசுவில் நிறம் மறைகிறதா என்று காட்டுவதே வலுவான சான்று. மரபணு நீக்கப்பட்ட பிறகும் புரதத்தின் துண்டு ஒன்று மிஞ்சலாம் என்பதால், உங்கள் எதிர்ப்பொருள் பற்றும் பகுதியும் நீங்கியிருக்கிறதா என்பதைச் சரிபாருங்கள். அத்தகைய சுண்டெலி இல்லையென்றால், அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளும் ஆர்.என்.ஏ. சோதனையும் ஒரே செல்களைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடை (சிறு புரதத் துண்டு) அதனுடன் கலந்து நிறத்தை மறையச் செய்வதைச் சான்றாக அனுப்பாதீர்கள். தவறான புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

கேள்வி: நிறத்தை உண்டாக்கும் நொதியான ஹெச்.ஆர்.பி. இணைத்த எதிர்ப்பொருள் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அசைடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாதவரை, உறைய விடாமல் 4 டிகிரியில் வைத்திருங்கள்.