மலையில்லாத வன்னியில் காட்டுப்பூ தேடிப் போக என்ன இருக்கிறது?

கேள்வி: அரிய மலைப்பூக்களைத் தேடிப் பதிவு செய்யத் தன்னார்வலர்கள் குழுவாகப் போகிறார்கள். வட இலங்கையின் வன்னி மாதிரிச் சமதரையில் அப்படிச் செய்ய ஏதாவது இருக்கிறதா? உங்களுக்கு அனுபவம் உண்டா?

இருக்கிறது, நிறையவே. நாலு வருடமாக மாரி ஓய்கிற நேரம் பார்த்து நாங்கள் ஆறேழு பேர் போய்வருகிறோம்.

முதலில் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2013இல் ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்தபோது போய்ப் பார்த்தேன். நம் குறிஞ்சிக்கு உறவான செடி அது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, பன்னிரண்டு வருடம் காத்திருந்து, எல்லாம் சேர்ந்து பூத்து, காய்த்து, பட்டுப்போகும். அதைப் பார்க்க நாடே திரண்டு வந்திருந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு ஒரே யோசனை. எங்கள் குளக்கட்டுக்குப் பின்னால் வருடாவருடம் பூப்பவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாதே என்று.

அந்த யோசனை உருப்பட இன்னும் சில வருடம் ஆனது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறு குளத்துக்குத்தான் முதல் பயணம். தை மாதக் காலை. குளம் நிரம்பி, அலைகரைக்கு மேலே மணல் ஈரமாகக் கிடந்தது. நிலத்தில் ஆங்காங்கே சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றியளவு செடி. இலை முழுக்க மெல்லிய முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு துளி. சிலவற்றில் சின்னப் பூச்சிகள் ஒட்டியிருந்தன.

நாங்கள் போனை எடுத்துச் செயலியில் தேடிக்கொண்டிருக்க, மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "உது அழுகண்ணி, தம்பி. வெயில் ஏறினாலும் உந்தத் தண்ணி காயாது, இருந்து பாருங்கோ" என்றார். இருந்து பார்த்தோம். பத்து மணி வெயிலில் புல்லில் பனி போய்விட்டது, அந்தத் துளிகள் அப்படியே மினுங்கின. அது தண்ணீர் இல்லை, பசை. மணல் நிலத்தில் நைதரசன் போதாது. அந்தக் குறையை இந்தச் செடி பூச்சியைப் பிடித்துத் தீர்த்துக்கொள்கிறது. செயலி சொன்ன ட்ரொசெரா என்ற பெயரைவிட அழுகண்ணி என்ற பெயரில் எவ்வளவு கவனிப்பு இருக்கிறது! அன்றிலிருந்து பதிவில் ஊர்ப்பெயரையும், எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கட்டாயம் எழுதுகிறோம்.

அழுகண்ணி இலங்கையில் அரிதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. நான் சொல்ல வருவதே அதுதான். அரிதாக இருப்பது வேறு, பதிவில்லாமல் இருப்பது வேறு. தாவரவியலாளர் ஹென்றி ட்ரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலில் பல செடிகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் உண்டு. பாலை, வீரை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு தலைமுறைக்கு, பூப் பார்க்கவென்று காட்டுக்குள் போகிற காலமே வாய்க்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகும் மிதிவெடி கிடந்தது. அப்படியிருக்க, எது குறைந்தது, எது அழிந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இன்ன குளத்தில், இன்ன திகதியில், இன்ன பூ நின்றது என்ற சாதாரணக் குறிப்புத்தான் முதலில் வேண்டும். அரிதா இல்லையா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

காயா மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காயாம்பூ வண்ணன் என்று பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொப்போடு ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் பூத்து நின்றதை முதன்முதலில் நேரே காட்டியபோது, குழுவிலிருந்த ஆசிரியை ஒருவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஒரு கவலையான விடயமும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம் ஒரு பாலை மரத்தில் வண்டா ஓர்க்கிட் பூத்திருந்தது. கபில நிறத்தில் கட்டம் போட்ட மாதிரி இதழ், நடுவில் ஊதா உதடு, நல்ல வாசம். சந்தோஷத்தில் எங்களில் ஒருவர் படத்தை இடத்தோடு சேர்த்து முகநூலில் போட்டுவிட்டார். மறுமாதம் போனபோது பட்டையில் வேர் பிய்த்த தழும்பு மட்டும்தான் இருந்தது. எடுத்தவர் யாரென்று தெரியாது. வழி காட்டியது நாங்கள்தான். இப்போது ஓர்க்கிட் என்றால் இடத்தை மறைத்தே பதிகிறோம். உயிரினங்களைப் படத்தோடு பதிகிற ஐநச்சுரலிஸ்ட் செயலியில் அதற்கு வசதி இருக்கிறது. அழியும் நிலையில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்து, இருபது கிலோமீற்றர் அளவான ஒரு சதுரத்துக்குள் எங்கோ என்றுதான் காட்டும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், பூவை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். நாங்கள் முதல் வருடம் எடுத்த படங்களில் பாதி அதனாலேயே பயனில்லாமல் போயின. பூவை முன்னாலும் பக்கவாட்டிலும் எடுங்கள். இலை எதிரெதிராக வருகிறதா மாறிமாறி வருகிறதா என்று தெரிய வேண்டும். இலையின் அடிப்பக்கம், காய், முழுச்செடி, நின்ற நிலம், பக்கத்தில் அளவுக்கு ஒரு குற்றி, இவ்வளவும் இருந்தால்தான் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். எதையும் பிடுங்க வேண்டாம். ஒதுக்கக் காடுகளில் அனுமதியில்லாமல் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். கார்த்திகைப்பூவின் கிழங்கு கடும் நஞ்சு, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் பாதை. போகுமுன் கிராம சேவகரிடமும் அந்த ஊர் ஆட்களிடமும் கேளுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற பக்கம் எவ்வளவு அழகான பூ தெரிந்தாலும் கால் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் மாடு தினமும் போய்வருகிற தடத்தை விட்டு இறங்குவதில்லை என்பது எங்கள் குழுவின் விதி. யானை நடமாடும் இடமென்றால் வெயில் வந்தபிறகுதான் புறப்படுவோம், நாலு மணிக்குள் றோட்டுக்கு வந்துவிடுவோம்.

அந்த ஐயாவை இப்போதும் ஒவ்வொரு தையிலும் சந்திக்கிறோம். போன முறை வேலியோரம் ஒரு கொடியைக் காட்டினார். மெல்லிய குழாய் மாதிரிப் பூ, மேலே இதழ் நுனிகள் சேர்ந்து சின்னக் கூடு போல இருந்தது. செரோபீஜியா. பூச்சியை உள்ளே பிடித்து வைத்து, மகரந்தத்தைக் கொடுத்து, பூ வாடும்போது வெளியே விடும். அதற்கு மட்டும் ஐயாவிடம் பெயர் இல்லை. "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். அவருடைய அம்மா இப்போது இல்லை. ஊர்ப்பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறோம். வன்னியில் உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கொடியைக் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள்.