சப்தமியும் செப்டெம்பரும்

கேள்வி: சிங்களவரும் அம்மா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுத்தும் நம்முடையது போல உருண்டை. ஆனால் சிங்களம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், ஆங்கிலத்துக்குச் சொந்தம் என்கிறார் எங்கள் ஆசிரியர். எப்படி நம்புவது?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: ஆசிரியர் சொன்னது சரி, மகள். சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். செப்டெம்பர் தாளில் சப்தமி, அட்டமி என்று திதிகள் இருக்கும். ரோமருக்கு முற்காலத்தில் ஆண்டு மார்ச்சில் பிறந்தது. அதனால் செப்டெம்பர் ஏழாவது மாதம், ஒக்டோபர் எட்டாவது. லத்தீனில் ஏழு ‘செப்தெம்’, எட்டு ‘ஒக்தோ’. சமஸ்கிருதத்தில் சப்த, அஷ்ட.

திருகோணமலை மத்திய வீதியில் அப்பாவின் கடை இருந்தது. சிங்கள மீனவர்கள் அங்கே தூண்டில் முள்ளை ஒவ்வொன்றாக எண்ணி வாங்குவார்கள். ஏழு வந்தால் ‘ஹத்த’, எட்டு ‘அட்ட’. பக்கத்தில் நின்று நானும் எண்ணுவேன். அந்த ‘ஹத்த’ சப்தவின் பேரப்பிள்ளை என்று பிறகு படித்தபோது சிலிர்த்துவிட்டது. சொல் முதலில் வந்த ‘ச’ அங்கே ‘ஹ’ ஆகிவிட்டது. பாரசீகத்திலும் ‘ஹஃப்த்’, கிரேக்கத்திலும் ‘ஹெப்தா’. இப்படி ஒலி ஒழுங்காக மாறுவதுதான் உறவுக்குச் சாட்சி. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் பேசினார்.

இந்தக் குடும்பத்துக்குக் கிளைகள் பல. ஜெர்மானியக் கிளையில் ஆங்கிலம், டச்சு, இத்தாலிக் கிளையில் லத்தீனும் அதன் பிள்ளை போர்த்துக்கேயமும், பால்டோ-ஸ்லாவில் ரஷ்யன். கெல்டிக், கிரேக்கம், ஆர்மீனியம், அல்பானியம் தனித்தனி. அனத்தோலியமும் தொக்காரியமும் அழிந்துவிட்டன. இந்தோ-ஈரானியக் கிளையில்தான் பாரசீகமும் ஹிந்தியும் சிங்களமும். மாலைதீவின் திவேகி சிங்களத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரி.

நம் ‘ஏழு’ இவற்றோடு சேராது. மலையாளத்தில் ஏழு, கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. நாம் திராவிடக் குடும்பம். பாதிரியார் கால்டுவெல் 1856இல் விரிவாக எழுதி நிறுவியது.

அப்புறம், அக்கா? அது நம்மிடமிருந்து அவர்கள் எடுத்த சொல். ‘அம்மா’ உலகம் முழுக்கக் குழந்தை வாயில் வருவது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு மொழிகளின் எழுத்துகளும் பிராமி என்ற பழைய எழுத்திலிருந்து வந்தவை. ஆனால் எழுத்து வேறு, மொழி வேறு. காலையில் நாம் சாப்பிடும் ரொட்டியான ‘பாண்’ போர்த்துக்கேயச் சொல், அலுவலகத்தைச் சொல்லும் ‘கந்தோர்’ டச்சுச் சொல். அதற்காகத் தமிழ் அந்தக் குடும்பத்துக்குப் போய்விடவில்லையே.