பவர் எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில், மகள் திருச்சியில். என் நாத்தனாருக்கு மறதி நோய் வந்து, கையெழுத்துப் போடக்கூடத் தெரியாமல் போனதைப் பார்த்ததில் இருந்து பயமாக இருக்கிறது. இப்போதே மகள் பெயரில் பவர் எழுதிவிட்டால், நாளைக்கு எனக்கும் அப்படி ஆனால் வீட்டையும் டெபாசிட்டையும் அவள் பார்த்துக்கொள்ளலாம்தானே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முடியாதும்மா. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் அத்தோடு முடிந்தது. எந்த நாளை நினைத்துப் பயந்து எழுதுகிறீர்களோ, சரியாக அந்த நாளில்தான் அது செல்லாமல் போகும். இங்கிலாந்தில் நினைவு தப்பிய பிறகும் நீடிக்கிற பவர் உண்டு, நம் நாட்டில் இல்லை, இது பெரிய குறை என்றே சொல்வேன். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுத்தான் மகள் காப்பாளராக முடியும். 2024-இல் கோமாவில் இருந்தவரின் மனைவிக்கே, கணவர் சொத்தை விற்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு தேவைப்பட்டது.

அதனால் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். நாமினி என்பது உங்கள் காலத்துக்குப் பிறகுதான் உதவும், ஆகவே சேமிப்புக் கணக்கில் மகளைக் கூட்டாகச் சேர்த்து, 'இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்' என்று எழுதிக் கொடுங்கள். டெபாசிட்டிலும் அப்படியே, ஆனால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது: முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்துப் போதும், நடுவில் உடைக்க வேண்டுமென்றால் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முதிர்வு நாள் வரை காத்திருக்குமா என்ன! அதற்கும் ஒருவர் கையெழுத்தே போதும் என்று இப்போதே வங்கியில் இருவருமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, 'மகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க' என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, எழுதிய உடனே வீடு அவளுடையதாகிவிடும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசி வரை உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மீறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம். இதைவிட, வீட்டை ஒரு தனியார் அறக்கட்டளையாகப் பதிவு செய்து, மகளை அறங்காவலராகவும் (வீட்டை நிர்வகிப்பவர்) உங்களைப் பயனாளியாகவும் (அதன் பலனை அனுபவிப்பவர்) வைப்பது நல்லது, உங்கள் நினைவு போனாலும் அது நீடிக்கும். செலவு கொஞ்சம் ஆகும், வக்கீல் துணை வேண்டும்.

மறதி நோய்க்கான சிகிச்சை முடிவுகளுக்கு வேறு ஏற்பாடு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டே மகளை உங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம்.

இதில் எதைச் செய்வதற்கு முன்பும் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கூட்டுக் கணக்குப் பணத்தை உங்கள் காலத்துக்குப் பிறகு வங்கி மகளிடம்தான் கொடுக்கும், ஆனால் உயில் எழுதாவிட்டால் அதில் மகனுக்கும் பங்கு உண்டு, அவளால் மறுக்க முடியாது.