பீலிக்கு எந்த ஹூவர்? வாசகர் கேள்வி பதில்

நவம்பர் வந்தா எங்களுக்கு வாற கேள்வியள் எல்லாம் மூண்டு விசயத்திலதான் நிக்கும், ஹீட்டிங், சுவர்ப் பூஞ்சணம், கூரைப் பீலி (மழைத்தண்ணி ஓடுற கட்டர்). இந்த முறை பீலி வெண்டிட்டுது. மற்றதெல்லாம் அடுத்த இதழுக்கு.

ஹரோ வாசகர்: எங்கட வீடு 1930களில கட்டின செமி, பக்கத்து வீட்டோட ஒரு சுவர் ஒட்டினது. பின்பக்கம் பெரிய சிக்கமோர் மரம் ஒண்டு நிக்குது. இவ்வளவு காலமும் ஏணி வச்சு ஏறித்தான் பீலியைத் துப்புரவாக்கினனான், இப்ப 61 வயசு, பிள்ளையள் ஏற விடுகினமில்லை. கீழ நிண்டே உறிஞ்சி எடுக்கிற வாக்யூம் எண்டு ஒன்லைன்ல 1200 வாட்டில இருந்து 3600 வாட் வரைக்கும் கிடக்கு. அஞ்சு மீட்டர் உயரத்துக்கு எத்தினை வாட் வேணும்?

பிள்ளையள் சொல்லுறதைக் கேளுங்கோ ஐயா. இந்த நாட்டில, பிரித்தானியாவில, வேலைத்தளத்தில சாகிற ஆக்களில கூடின ஆக்கள் உயரத்தில இருந்து விழுந்துதான் சாகினம், அவையள் ஏணியில ஏறிப் பழகின ஆக்கள், நாங்கள் வருசத்தில ஒருக்கா ஏறுறனாங்கள்.

இனி வாட் கதை. அஞ்சு மீட்டர் மேல இழுக்கவேணும் எண்டு நினைக்கிறியள் எல்லே, அங்கதான் விக்கிறவை உங்களைப் பேய்க்காட்டுகினம். ஹூவர், அதுதான் உந்த வாக்யூம், நிலத்தில நிக்குது, குப்பை மேல கிடக்கு. அப்ப குப்பை கீழதானே வரவேணும்! பீலிக்குள்ள கிடக்கிற சேறு ஹூவரில பூட்டுற குழாய்த் தடியின்ர நுனியில கொக்கி மாதிரி வளைஞ்ச தலையைத் தாண்டுறதுக்கு ஒரு சாண், ஒண்டரைச் சாண் மேல ஏறினாக் காணும், பிறகு தன்ர பாரத்திலயே தடிக்குள்ளால விழுந்து வந்திடும். சாதாரண வெட் ஹூவர் ஒண்டு தண்ணியை நேரா ரெண்டு, ரெண்டரை மீட்டருக்குத்தான் தூக்கும், அதுவே இந்த வேலைக்கு மிச்சம்.

பிரச்சினை வேற இடத்தில. சேறு வளைவில இறுகும், இலை குறுக்க நிக்கும், தடி பூட்டிற இடங்களால காத்துக் கசியும். அதாலதான் வாட்டைப் பாக்கிறதுக்கு முதல் குழாயின்ர உள்விட்டத்தைப் பாருங்கோ எண்டு சொல்லுறன். வீட்டு ஹூவர் ஹோஸ் 32 மிமீ, மலிவான பீலி கிட் கனக்க 38 மிமீ, தொழில் செய்யிறவை பாவிக்கிறது 50, 51 மிமீ. கேக்க சின்ன வித்தியாசம் மாதிரித்தான் இருக்கும், ஆனா குழாயின்ர வாய்ப் பரப்பைக் கணக்குப் பாத்தா 51 எண்டது 32ஐ விட ரெண்டரை மடங்கு. ஓட்டில இருந்து உருண்டு விழுற பாசிக்கட்டி ஒரு முட்டை அளவில இருக்கும், அது 32க்குள்ள போகாது, 38க்குள்ள போற மாதிரிப் போய் வளைவில நிண்டிடும், பிறகு நீங்கள் தடி முழுக்க இறக்கி ஒவ்வொண்டாக் கழட்டி ஈர்க்கால குத்தவேணும், ஒரு பின்னேரம் அப்பிடியே போயிடும், அனுபவத்தில சொல்லுறன்.

உங்களுக்குச் சிக்கமோர் எண்டபடியா இலையும் இருக்கும், அந்தச் செட்டை முளைச்ச விதையும் இருக்கும், அந்த விதை பீலிக்குள்ளயே முளைச்சு மரக்கண்டா வந்திடும். வடக்குப் பார்த்த கூரைப் பக்கம் பாசியும் சேரும். பிளாக்பேர்ட் எண்ட கறுப்புக் குருவியளும் மக்பை எண்ட பறவையளும் பூச்சி தேடிப் பாசியைக் கிளறிக் கிளறிப் பீலிக்குள்ள தள்ளிவிடுங்கள். நனைஞ்ச சரக்கு, அதால வெட் அண்ட் ட்ரை (தண்ணியும் தூசியும் ரெண்டும் இழுக்கிற ஹூவர்) தவிர வேறொண்டும் வாங்காதேங்கோ.

தடி எவ்வளவு நீளம்? நிலத்தில இருந்து பீலி எவ்வளவு உயரமோ ஏறத்தாழ அவ்வளவு நீளம் காணும். சுவருக்கு நேர் கீழ நிக்கேலாது, ஒண்டு ஒண்டரை மீட்டர் தள்ளித்தான் நிப்பியள், தடி சரியும், ஆனா உங்கட கை ஒரு மீட்டர் உயரத்தில இருந்து தொடங்கிறபடியா ரெண்டும் சரிக்குச் சரி. உயரம் தெரியாட்டி செங்கல் வரியை எண்ணுங்கோ, நாலு வரிக்குக் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். பின்பக்கம் கொன்சர்வேற்றரி இருந்தா கதை மாறும், அதுக்கு மேலால சரிச்சுப் பிடிக்கவேணும், ஒரு மீட்டர் கூடுதலா வையுங்கோ, தலையும் வேற கோணத்தில வளைஞ்சது வேணும்.

ஆனா ஒரு வீட்டுக்கு மட்டும் எண்டா நான் வாங்கச் சொல்லமாட்டன். போன வருசம் என்ர வீட்டுக்கு வந்த பெடியன் 70 பவுண்ட் எடுத்தவன், முக்கால் மணித்தியாலத்தில முடிச்சிட்டுப் போயிட்டான். நல்ல செட் ஒண்டு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். எத்தினை வருசத்தில அது சரிவரும் எண்டு நீங்களே பாருங்கோ.

மில்டன் கீன்ஸ் வாசகி: நாங்க கோயம்புத்தூர்ல இருந்து வந்து மூணு வருஷம் ஆச்சுங்க, இப்பதான் நியூ பில்ட் வீடு வாங்கியிருக்கோம். வீட்ல ஹென்றி வாக்யூம் க்ளீனர் இருக்கு. கட்டர் கிட் மட்டும் தனியா வாங்கி ஹென்றில மாட்டிக்கிட்டா போதாதா? எதுக்கு இன்னொரு மெஷின்னு வீட்டுக்காரர் கேக்குறாரு.

போதாதுங்கோ. அந்த மெஷின்ல கீறின சிரிச்ச மூஞ்சியைப் பாத்து ஏமாறாதேங்கோ, ஹென்றி உலர்ந்த தூசிக்கு மட்டும்தான். தண்ணி உள்ள போனாப் பை ஊறும், மோட்டரும் போகும், கரண்டும் அடிக்கலாம். அதே கொம்பனியின்ர சார்ள்ஸ், ஜோர்ஜ் எண்ட ரெண்டும் தண்ணி இழுக்கும், ஆனா அதுகளும் 32 மிமீ ஹோஸ்தான், மேல சொன்ன பாசிக்கட்டி ஞாபகம் இருக்கோ.

இன்னொரு விசயம், 2017 செப்டம்பரில இருந்து ஐரோப்பிய விதிப்படி சாதாரண வீட்டு ட்ரை ஹூவருக்கு 900 வாட்தான் உச்சம், வெட் அண்ட் ட்ரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதாலதான் கடையில ஒண்டு 600, மற்றது 1400 எண்டு எழுதிக் கிடக்கிறது.

உங்கட வீட்டுக்காரர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. புது வீடு, சுத்திவர மரமும் இன்னும் முழங்கால் உயரந்தான் வந்திருக்கும். பீலிக்குள்ள என்ன கிடக்கப் போகுது? கட்டேக்க விட்ட சீமெந்துத் துண்டும் ஓட்டுத் துகளும் கொஞ்சம் கிடக்கும். முதல்ல ஒரு நீளமான செல்ஃபி தடியில ஃபோனைப் பூட்டி மேல்மாடி ஜன்னலால நீட்டி ஒரு வீடியோ எடுங்கோ, கயிறு கட்டிப்போட்டு நீட்டுங்கோ ஆனா. ஒண்டும் இல்லையெண்டா அந்தக் காசில ஊருக்கு டிக்கெட் போடுங்கோ.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: ரெறஸ் வீடு. ஒரே பீலி அஞ்சு வீட்டுக்கும் ஓடுது, தண்ணி இறங்கிற குழாய் பக்கத்து வீட்டில. நான் என்ர பக்கம் மட்டும் உறிஞ்சினாக் காணுமோ?

காணாது. அவற்ற பக்கம் அடைச்சுக் கிடந்தா உங்கட பக்கம் எவ்வளவு மினுங்கினாலும் தண்ணி உங்கட சுவராலதான் வழியும். ஊரில வேலிக்குக் கதியால் ஒரு சாண் தள்ளிப் போட்டதுக்குக் கோட்டுக்குப் போன சனம் நாங்கள், இஞ்ச பீலிக்கும் போகாமல் முதல்ல கதவைத் தட்டிக் கதையுங்கோ. அஞ்சு வீடும் சேந்து ஒரு மெஷின் வாங்கினா அல்லது டூல் ஹயர் கடையில ஒரு நாளைக்கு எடுத்தாக் கணக்கு வடிவாச் சரிவரும். வீட்டுப் பாவனைக்கு மெஷின் வாங்கிறதில எனக்கு முழுச் சம்மதம் இருக்கிற ஒரே இடம் இதுதான்.

தொடங்கேக்க தண்ணி இறங்கிற குழாயின்ர வாய்க்குக் கிட்ட முதல் எடுங்கோ, தேங்கின தண்ணி இறங்கிச்செண்டா மற்றச் சேறு பாரம் குறையும். தலையைச் சேத்துக்குள்ள அமத்திப் பிடிக்காதேங்கோ, காத்துப் போக இடமில்லாட்டி ஒண்டும் நகராது, குத்திக் குத்தி எடுக்கவேணும், ஹூவருக்கு மூச்சு விடக் கொடுக்கிற மாதிரி. பீலியில இருந்து இறங்கிற 68 மிமீ குழாய்க்குள்ள அடைப்பெண்டா இந்த மெஷினால பெரிசா ஒண்டும் செய்யேலாது, அது கீழ இருந்து குத்திற வேலை.

ஈஸ்ட் ஹாம் பக்கம் பழைய வார்ப்பிரும்புப் பீலியளும் இருக்கு, துருப்பிடிச்ச மூட்டில இரும்புத் தலையால இடிச்சியள் எண்டா கழண்டுவிடும், ரப்பர் நுனி போட்ட தலை எடுங்கோ. பிளாஸ்ரிக் பீலியெண்டா உறைபனி நாளில தொடாதேங்கோ, குளிருக்கு வெடிக்கும்.

லெஸ்டர் வாசகர்: மருமகனுக்கு வேலை போயிட்டுது, பீலி துப்புரவாக்கிற பிஸ்னஸ் தொடங்கப் போறான். மூண்டு மோட்டர் மெஷினும் கார்பன் ஃபைபர் தடியும் வேண்டித் தரச் சொல்லுறான். பெறுமதியோ?

தொழிலுக்கெண்டா பெறுமதிதான், ஆனா சில விசயம் பாத்து வேண்டுங்கோ.

இஞ்சத்தைய 13 ஆம்ப் பிளக்கால ஏறத்தாழ 3000 வாட்தான் எடுக்கலாம், 13ஐ 230ஆல பெருக்கிப் பாருங்கோ. மூண்டு மோட்டரும் சேந்து 3600 எண்டு போட்டிருந்தா அது ஒரு பிளக்கில ஓடாது, ரெண்டு வயரை வேற வேற சேர்க்கிட்டில குத்தவேணும், இல்லாட்டி ஜெனரேட்டர். வாடிக்கையாளர் வீட்டில ஃபியூஸ் போனா ஆரிட்ட ஏச்சு விழும்? ரெண்டு மோட்டரும் 51 மிமீ ஹோஸும் வீட்டு வேலைக்குத் தாராளம். வெளியில ஈரத்தில நிண்டு செய்யிற வேலை, ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா உடன நிப்பாட்டிற சுவிட்ச்) இல்லாமல் ஒருநாளும் செருகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

ட்ரம் பெருசு நல்லதெண்டு நினைப்பான். 60 லீட்டர் ட்ரம் நிறையத் தண்ணியும் சேறும் வந்தா 60 கிலோவுக்கு மேல, ஆர் தூக்கிறது? பாதியில ஊத்தவேணும். அடியில வடிகுழாய் இருக்கிறதாப் பாத்து எடுங்கோ, அது இல்லாமல் விக்கிறாங்கள்.

தடி எண்டா கார்பன் ஃபைபருக்குக் குடுக்கிற காசு வீண் இல்லை. ஆறு மீட்டர் அலுமினியத்தை ஒரு நாள் முழுக்கத் தலைக்கு மேல பிடிச்சவனுக்கு அது விளங்கும், இரவு தோள்மூட்டு கதைக்கும். ஆனா ரெண்டும் கரண்டைக் கடத்தும், கார்பன் கடத்தாதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற ஆக்கள் கனபேர். லெஸ்டருக்கு வெளியால கிராமப் பக்கம் வேலைக்குப் போனா வீட்டுக்கு வாற கரண்ட் வயர் கம்பத்தில இருந்து நேரா முகட்டுக்கு வந்திருக்கும். தடியை நிமித்திறதுக்கு முதல் மேல பாக்கவேணும், சந்தேகமெண்டா அந்த வேலையே வேண்டாம். வயர் அறுந்து தொங்கினதைக் கண்டா 105க்கு அடிக்கலாம், காசில்லை. உயிருக்கு ஆபத்தெண்டா 999.

கமெராவில மட்டும் கஞ்சத்தனம் பாக்கவேண்டாம். கமெரா இல்லாமல் கீழ நிண்டு செய்யிறது கண்ணைக் கட்டிக்கொண்டு புட்டுக்குழல் கழுவுற மாதிரி, சத்தத்தை வச்சுத்தான் மட்டுக்கட்டவேணும். வேலைக்கு முன்னம் ஒரு படம், பின்னம் ஒரு படம் காட்டினா ஆக்களும் கதை பேசாமல் காசு தருவினம்.

இந்தத் தொழில் பெருகினதுக்கே ஒரு சட்டம்தான் ஒரு காரணம், 2005இல வந்த உயரத்தில வேலை செய்யிறது பற்றின விதி. ஏறாமல் செய்யக்கூடிய வேலையை ஏறாமல்தான் செய்யவேணும் எண்டு அதில இருக்கு. பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் மாதிரி இடங்களில கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, அவைக்கு இது நல்லா விளங்கும். பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (மற்றவைக்குச் சேதம் வந்தாக் குடுக்கிற காப்புறுதி) எடுக்காமல் ஒரு வீட்டுக்கும் போகவேண்டாம். எடுத்த சேத்தை வான் வண்டியில ஏத்திக் கொண்டு போறதெண்டா கழிவு காவுறதுக்குத் தனிப் பதிவு வேணும், அந்த வீட்டுத் தோட்டத்திலயே விட்டிட்டு வாறது சுகம்.

மாசியில இருந்து ஆவணி வரைக்கும் கூடு பாத்துச் செய்யவேணும். குருவி கட்டிக்கொண்டிருக்கிற கூட்டையோ, பாவிச்சுக்கொண்டிருக்கிற கூட்டையோ தெரிஞ்சு கலைச்சாக் குற்றம், 1981ஆம் ஆண்டுச் சட்டம். உறிஞ்சின பிறகு ட்ரம்முக்குள்ள முட்டையைக் கண்டு ஒண்டும் செய்யேலாது.

மிற்சம் (Mitcham) வாசகி: வீட்டோட சேந்த பழைய கராஜின்ர கூரை நெளிநெளியாச் சாம்பல் நிறம், பீலியும் அதே சாமான் மாதிரி இருக்கு. அதையும் உறிஞ்சலாமோ அண்ணை?

தொடாதேங்கோ தங்கச்சி. அது அஸ்பெஸ்ரஸ் சீமெந்தா இருக்கும், இஞ்ச 1999இலதான் அதை முழுசாத் தடை செய்தவை, அதுக்கு முதல் கட்டின கராஜ் கனக்க அப்பிடித்தான். சாதாரண ஹூவர் முன்னால உறிஞ்சின தும்பைப் பின்னால காத்தோட ஊதிவிடும், அது நெஞ்சுக்குள்ள போனா வராது. சுரண்டவும் வேண்டாம், பிரஷர் வொஷரும் அடிக்கவேண்டாம். அதுக்கெண்டு பயிற்சி எடுத்த ஆக்களும் எச் கிளாஸ் எண்ட தனி மெஷினும் இருக்கு, அவையளைக் கூப்பிடுங்கோ.

மேல ஹரோவில இருந்து எழுதினவரின்ர மனிசி அதே கடிதத்தின்ர அடியில பேனையால எழுதியிருக்கிறா: இவர் எப்பிடியும் வாங்கத்தான் போறார். அதே மெஷினால வீடும் கூட்டலாமோ?

கூட்டலாம் அக்கா. ஸ்பொஞ்ச் ஃபில்டரைக் கழட்டிட்டுக் கடதாசி ஃபில்டரையும் பையையும் பூட்டினா தூசியும் இழுக்கும். ஆனா அந்த ஹோஸை வீட்டுக்குள்ள கொண்டுவாறதுக்கு முதல் வாசல்ல வச்சு ஒருக்கா மணந்து பாருங்கோ.