மக்கர் செய்யும் லினக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்; சிறு கோடும் இடைவெளியும் அச்சில் உள்ளபடியே இருக்கட்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: உபுண்டு 22.04. கடவுச்சொல் போட்டதும் திரை ஒரு நொடி கறுக்கிறது, பிறகு மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. வேண்டுமென்றே தப்பாகப் போட்டால் 'தவறு' என்று ஒழுங்காகச் சொல்கிறது. ஃபார்மட் செய்துவிடலாமா?

வேண்டாம். பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கடவுச்சொல்லைக் கணினி ஏற்றுக்கொள்கிறது. அதன்பிறகு உங்கள் டெஸ்க்டாப் எழுந்திருக்கும்போதே விழுந்துவிடுகிறது. இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள்தான்: வட்டில் இடம் இல்லை, அல்லது உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள ஏதோ ஒரு கோப்பு உங்கள் பெயரில் இல்லை.

லாகின் பக்கத்தில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். கடவுச்சொல் தட்டும்போது புள்ளிகூட விழாது. அதைப் பார்த்து விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

உள்ளே போனதும் 'டிஎஃப் -எச்' என்று தட்டுங்கள். கடைசிப் பத்தியில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே 100% என்றிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். வட்டு நிறைந்த பிறகும் கறுப்புத் திரை மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம். அங்கே உள்ளே நுழையப் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை. டெஸ்க்டாப்போ ஆரம்பிக்கும்போதே ஹோம் ஃபோல்டரில் சிறு சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். போதாததற்கு, இஎக்ஸ்டி4 வடிவ வட்டில் 5% இடம் 'ரூட்' என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். 100 ஜிபி பார்ட்டிஷனில் அது 5 ஜிபி. உங்களுக்கு இடம் தீர்ந்தாலும் சிஸ்டம் மூச்சுவிட இது உதவுகிறது.

இடம் விடுவிக்க முதலில் 'சூடோ ஏபிடி கிளீன்' ('சூடோ' என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று பொருள்). இறக்கி நிறுவி முடிந்த பேக்கேஜ் கோப்புகளைத்தான் இது அழிக்கும், எதுவும் கெடாது. அடுத்து 'சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்' (கடைசி எழுத்து மட்டும் பெரிய எழுத்து). சிஸ்டம் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவு 4 ஜிபி வரைகூட வளரும். 200 எம்பி போதும். சில நூறு எம்பி கிடைத்தாலே உள்ளே போய்விடலாம். 'சூடோ ரீபூட்' கொடுத்து டெஸ்க்டாப்புக்குள் நுழைந்து, குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். பிறகு டிஸ்க் யூஸேஜ் அனலைசரைத் திறந்து எந்த ஃபோல்டர் பெருத்திருக்கிறது என்று பாருங்கள். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் நிரலை வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்: பேக்கப் என்று அதே பார்ட்டிஷனில் பழைய நகல்களை அடுக்கிக்கொண்டே போகும். அவற்றை டைம்ஷிஃப்ட்டுக்கு உள்ளிருந்தே அழியுங்கள், ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்.

இடம் தாராளமாக இருக்கிறதா? அப்படியானால் 'எல்எஸ் -எல்ஏ' என்று தட்டி, மூன்றாவது பத்தியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 'டாட் எக்ஸ்-அத்தாரிட்டி', 'டாட் கேஷ்', 'டாட் கான்ஃபிக்' போன்றவற்றின் எதிரே 'ரூட்' என்றிருந்தால், யாரோ ஒரு ஜன்னல் நிரலை சூடோ போட்டுத் திறந்திருக்கிறார்கள். இரண்டு புள்ளிகளோடு தொடங்கும் வரி மட்டும் விதிவிலக்கு. அது மேல் ஃபோல்டர், ரூட் பெயரில்தான் இருக்கும். திருத்த, 'சேன்ஜ் ஓனர்' என்பதன் சுருக்கமான 'சிஎச்ஓன்' கட்டளை: 'சூடோ சிஎச்ஓன் -ஆர் பெயர்: /ஹோம்/பெயர்'. 'ஆர்' பெரிய எழுத்து. 'பெயர்' உங்கள் லாகின் பெயர், முதல் இடத்தில் அதன் பின்னே முக்காற்புள்ளி. என்டர் தட்டுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்: முதல் சாய்கோட்டுக்கும் 'ஹோம்' என்ற சொல்லுக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால், சிஸ்டம் முழுவதும் உங்கள் பெயருக்கு மாறிவிடும். அதன்பிறகு நிஜமாகவே ஃபார்மட்தான்.

கேள்வி: ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும். மின்ட்டிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை, 'ரீட் ஒன்லி' என்கிறது. மின்ட்டுக்குப் போய் வந்தால் விண்டோஸ் கடிகாரமும் தப்பாகிறது. மின்ட்டை நீக்கினால் சரியாகுமா?

சரியாகும், தலைவலிக்குத் தலையை எடுப்பது போல. இரண்டுமே விண்டோஸின் பழக்கங்களால் வருபவை.

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னலின் (சிஸ்டத்தின் மைய நிரலின்) நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் போகிறது. அந்த டிரைவ் இன்னும் விண்டோஸின் கையில் இருப்பதாகவே லினக்ஸுக்குத் தெரியும். அதில் எழுதினால் இரண்டு பக்கமும் கணக்கு குழம்பும் என்பதால் படிக்க மட்டும் விடுகிறது. மின்ட் செய்வதுதான் சரி.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அங்கே இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பு. உள்ளே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' மங்கலாக இருக்கும். மேலே உள்ள கேடய அடையாளம் போட்ட வரியைச் சொடுக்கினால்தான் டிக்கை எடுக்க முடியும். பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு ஒரு வழி: ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாக அணையும். அப்படியே மின்ட்டுக்குள் போகலாம்.

கடிகாரம்: மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக. அதனால்தான் தவறும் நேரம் எப்போதும் உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசத்துக்கு அச்சாகச் சமமாக இருக்கும். மின்ட்டில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரு வரி தட்டினால் இரண்டும் ஒத்துப்போகும். இது அவ்வளவு சுத்தமான வழி இல்லை என்று அந்தக் கருவியே உங்களை எச்சரிக்கும். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் நாட்டில் இருந்தால் எச்சரிக்கையை மதியுங்கள். மற்றவர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

கேள்வி: பென் டிரைவுக்கு 1 ஜிபி வீடியோவை நகலெடுத்தால் சில நொடிகளில் 100% ஆகிவிடுகிறது. ஆனால் 'எஜெக்ட்' கொடுத்தால் பல நிமிடம் சுற்றுகிறது. பிடுங்கி எடுத்தால் வீடியோ பாதியில் நிற்கிறது.

அந்த 100% பென் டிரைவைப் பற்றியது அல்ல, ராமைப் பற்றியது. நீங்கள் நகலெடுத்ததை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு 'ஆயிற்று' என்கிறது. பென் டிரைவுக்குப் பின்னணியில் நிதானமாக எழுதுகிறது. கையில் இருக்கும் நினைவகத்தில் ஏறத்தாழ 20% வரை இப்படி எழுதாமல் தேங்க விடுவது கர்னலின் இயல்பு. 8 ஜிபி ராம் இருந்தால் உங்கள் வீடியோ முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். நொடிக்கு 5 எம்பி எழுதும் மலிவான பென் டிரைவ் அந்த 1 ஜிபியை வாங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். சுற்றுவது அந்த நேரம்தான்.

டெர்மினலில் 'ஸிங்க்' என்று தட்டி என்டர் அடியுங்கள் (எஸ், ஒய், என், சி: நான்கே எழுத்து). கர்சர் அடுத்த வரியில் பேசாமல் நிற்கும். பழையபடி உங்கள் பெயரோடு வரி திரும்பி வந்ததென்றால் எல்லாம் எழுதியாயிற்று. அப்புறம் எஜெக்ட் உடனே வேலை செய்யும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு போக மறுத்தால் அது வேறு சங்கதி: ஃபேட்32 வடிவத்தின் எல்லை அது. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள்; உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிட்டு.

கேள்வி: தமிழ்99 விசைப்பலகை சேர்த்திருக்கிறேன். 'க' இருமுறை தட்டினால் 'க்க' வர வேண்டும் அல்லவா? 'கக' என்றே வருகிறது.

தமிழ்99 என்ற பெயரில் பட்டியலில் இரண்டு வகை இருக்கிறது, நீங்கள் தவறானதை எடுத்திருக்கிறீர்கள். ஒன்று விசைக்கு ஓர் எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் வெறும் விசைப்பலகை அமைப்பு. முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தானியங்கிப் புள்ளி வைக்க, முன் எழுத்தைப் பார்க்கத் தெரிந்த உள்ளீட்டு முறை வேண்டும். 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்' கொடுத்து, லாக் அவுட் செய்து திரும்பி வாருங்கள் (இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'பட்டியலில் வரவில்லை' என்று எழுதுகிறார்கள்). செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸ், கூட்டல் குறி, தமிழ். பெயரோடு 'எம்17என்' என்று ஒட்டியிருப்பதைத் தேர்ந்தெடுத்து, பழையதை நீக்குங்கள். மொழி மாற்ற விண்டோஸ் சின்னம் போட்ட விசையும் ஸ்பேஸும்.

இனி எதிர்ப்பக்கத் தொல்லை வரும்: 'மமதை' என்று எழுதப் போனால் 'ம்மதை' ஆகும். முதல் 'ம' தட்டியதும் ஒரு 'அ' தட்டிவிட்டு அடுத்த 'ம' தட்டுங்கள். 'பப்பாளி'க்கும் அதே வைத்தியம்.

கேள்வி: 4 ஜிபி ராம். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் கணினி உறைந்துவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லையா?

உறைந்ததும் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது. வட்டு விளக்கும் விடாமல் எரிந்தால் நினைவகம் தீர்ந்து, ராமுக்கும் வட்டுக்கும் இடையே ஓயாமல் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டிருக்கிறது. ஓரிரு நிமிடம் பொறுத்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 முயலுங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால், ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி மூன்றையும் இரண்டு இரண்டு நொடி இடைவெளியில் தட்டுங்கள். எஸ் எழுத வேண்டியதை வட்டில் எழுதும், யு வட்டுகளை இனி எழுத முடியாதபடி மூடும், பி மறுதொடக்கம் செய்யும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இணையத்தில் இதையே ஆறு எழுத்தாகப் படித்திருப்பீர்கள். உபுண்டுவில் இதற்கான அனுமதி எண் 176: அதாவது 128, 32, 16 என்ற மூன்று அனுமதிகளின் கூட்டல், மேலே சொன்ன மூன்று எழுத்துக்கு மட்டும். அந்த ஆறில் முதல் மூன்று எழுத்துகளை அழுத்தினாலும் அங்கே ஒன்றும் நடக்காது.

இது முதலுதவிதான். 'ஃப்ரீ -எச்' தட்டி ஸ்வாப் (ராம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) வரியைப் பாருங்கள். பூஜ்யமோ 2 ஜிபியோ இருந்தால், இஎக்ஸ்டி4 வட்டில் 4 ஜிபி ஆக்குவது ஐந்து கட்டளை வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ: 'ஸ்வாப்ஆஃப் /ஸ்வாப்ஃபைல்' (ஏற்கெனவே ஸ்வாப் கோப்பு இருந்தால்), 'எஃப்-அலோகேட்' என்று சொல்லப்படும் கட்டளை (எஃப் எழுத்தும் அலோகேட்டும் சேர்த்து ஒரே சொல், நடுவே கோடு இல்லை) '-எல் 4ஜி /ஸ்வாப்ஃபைல்' என்ற சேர்க்கையோடு (ஜி பெரிய எழுத்து), 'சிஎச்மாட் 600 /ஸ்வாப்ஃபைல்', 'எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்', 'ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்'. முதல் கட்டளையைப் பிரவுசரை மூடிவிட்டுக் கொடுங்கள். ஸ்வாப்பில் இருப்பதெல்லாம் ராமுக்குத் திரும்ப இடம் வேண்டும். ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஸ்வாப் உறைவதைத் தள்ளிப்போடும், வேகம் தராது. வேகம் வேண்டுமென்றால் இன்னொரு 4 ஜிபி ராம் போடுங்கள்.

கேள்வி: எதை நிறுவப் போனாலும் 'லாக்' (பூட்டு) கிடைக்கவில்லை என்கிறது. அந்த லாக் கோப்பை அழித்துவிடு என்று ஓரிடத்தில் படித்தேன்.

அழிக்காதீர்கள். அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும். பூட்டு என்பது கோப்பு அல்ல, ஒரு நிரல் அதன்மேல் வைத்திருக்கும் பிடி. நிரல் முடிந்தால் பிடியும் தானே விலகும். கோப்பை அழித்தால், இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பதிவேட்டில் கை வைக்க நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

பிழைச் செய்தியிலேயே யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் பெயரும் இருக்கும். 'அனட்டெண்டட்' என்று தொடங்கினால், கணினி தானாகப் பாதுகாப்பு அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் விடுங்கள். அப்டேட் நடுவே மின்சாரம் போய், அதன்பிறகு வேறு வகையாகக் குழறுகிறது என்றால் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அது முடிந்ததும் 'சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. இந்த வரிசையில்.