மனை கும்பகோணத்தில், ஒப்பந்தம் மதுரையில்: வழக்கை எங்கே தொடுப்பது?

கேள்வி: கும்பகோணம் அருகே ஒரு மனையை 18 லட்சம் ரூபாய்க்கு வாங்க, கோவையில் வசிக்கும் உரிமையாளருடன் மதுரையில் வைத்துக் கிரய ஒப்பந்தம் எழுதி, 6 லட்சம் முன்பணம் கொடுத்தேன். கெடு சென்ற மாதம் முடிந்தது. இப்போது கிரயம் செய்து தர மறுக்கிறார். 'தகராறு எழுந்தால் மதுரை நீதிமன்றங்கள் மட்டுமே விசாரிக்கும்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். மதுரையிலேயே வழக்குப் போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: உங்களுக்கு மனை வேண்டுமா, பணம் திரும்ப வந்தால் போதுமா? அதைப் பொறுத்தே நீதிமன்றம் மாறும்.

மனையைக் கிரயம் செய்து சுவாதீனமும் (அனுபவ உரிமையும்) தர வேண்டும் என்று கேட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இன் 16-ஆவது பிரிவுப்படி சொத்து இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மதுரை என்று எழுதிய நிபந்தனை இங்கே செல்லாது. இல்லாத அதிகாரத்தை இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு நீதிமன்றத்துக்குக் கொடுத்துவிட முடியாது. குர்கான் மனை ஒன்றுக்காக டெல்லியில் தொடுத்த வழக்கில், எதிர்த்தரப்பு முதலில் டெல்லியின் அதிகார வரம்பை ஒப்புக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்தே ஆட்சேபித்தது. அப்படியும் டெல்லி நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் கீழ்நிலை உரிமையியல் நீதிமன்றமான முன்சீப் கோர்ட் விசாரிக்கக்கூடிய வழக்கு மதிப்பின் வரம்பு 10 லட்சம் ரூபாய். இத்தகைய வழக்குக்குக் கிரயத் தொகைதான் மதிப்பு. ஆகவே 18 லட்சத்துக்கு, மனை அமைந்த எல்லைக்குரிய, அதற்கு அடுத்த மேல்நிலையிலுள்ள சார்பு நீதிமன்றம். நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 54,000 ரூபாய்.

முன்பணம் மட்டும் போதும் என்றால் அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு பொருந்தும். எதிராளி வசிக்கும் கோவை, அல்லது வழக்கு மூலத்தின் (வழக்குக்குக் காரணமான நிகழ்வுகளின்) ஒரு பகுதியாவது எழுந்த இடம். நீங்கள் மதுரைக்காரர் என்பதால் மதுரைக்கு அதிகாரம் வந்துவிடாது. பலர் இதில்தான் தவறுகிறார்கள். ஒப்பந்தம் அங்கே கையெழுத்தானதால்தான் வருகிறது. இந்த வழக்கில் உங்கள் நிபந்தனையும் செல்லும். 6 லட்சம் என்பதால் முன்சீப் கோர்ட்டே போதும். ஆனால் எதிராளியின் சொத்துகள் கோவையில் இருந்தால், தீர்ப்பை நிறைவேற்ற அதை அங்கே மாற்றிக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அருகில் இருக்கிறதே என்று மதுரையில் பணத்துக்கு மட்டும் வழக்குப் போட்டு, பிறகு மனசு மாறி மனையைக் கேட்க நினைக்காதீர்கள். கேட்டிருக்க வேண்டிய பரிகாரத்தை விட்டுவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2 விதி 2 அடுத்த வழக்குக்குத் தடையாக வந்து நிற்கும். மனை கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் கும்பகோணத்துக்கே போங்கள் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கிரயம், சுவாதீனம், அவை கிடைக்காவிட்டால் முன்பணம் என மூன்றையும் ஒரே பிராதில் (வழக்கு மனுவில்) கேளுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது. மீதி 12 லட்சத்துடன் கிரயத்துக்குத் தயாராக இருந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தையும், வக்கீல் நோட்டீஸின் ஒப்புகை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

தவறான இடத்தில் தாக்கல் செய்தால் வழக்கு தள்ளுபடியாகாது. சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்படி பிராதைத் திருப்பித் தருவார்கள். ஆனால் விசாரணை முதலிலிருந்து தொடங்கும். வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடுவில் இப்படி வீணான நாட்களைக் கழித்துக் கணக்கிடக் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இடம் தருகிறது; நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடந்ததாக நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கிரயம் கேட்கும் வழக்குக்கு அந்தக் காலக்கெடு, ஒப்பந்தத்தில் குறித்த கெடு தேதியிலிருந்து 3 ஆண்டுகள். உங்களுக்கு அந்தக் கணக்கு சென்ற மாதமே தொடங்கிவிட்டது.