பொம்மைக் குதிரையை டிராகனாக மாற்றும்போது இறக்கை ஏன் கழன்று விழுகிறது, பெயின்ட் ஏன் பிசுபிசுக்கிறது?

இரண்டுக்கும் காரணம் பொம்மையின் அந்த மெத்தென்ற வினைல் பிளாஸ்டிக்தான். அதை வளைய வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே கசியும். எனாமலும் பல ஸ்ப்ரே பெயின்ட்டுகளும் அதோடு சேர்ந்தால் சரியாகக் காயாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை மெல்லிசாக மூன்று நான்கு முறை பூசுங்கள்.

அதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டும் இடத்தை 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும்.

இறக்கைக்கு வெறும் பசை நிற்கவே நிற்காது. வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்தால் கழுத்து இளகும், தலையைக் கழற்றிவிடலாம். தோளில் 1 மி.மீ. துளையிட்டு, இறக்கைக்கு எலும்பாக நிற்கும் கம்பியைச் சொருகி, முனையை உள்ளே மடக்குங்கள். உடம்புக்குள் பஞ்சை இறுக்கி அடையுங்கள். இதை விடவே கூடாது: கம்பிமேல் இறக்கையை வடிக்கும் எபாக்சி புட்டி (இரு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் களிமண் போன்ற பொருள்) கெட்டி, வினைல் வளையும், பிடித்து அமுக்கினால் இணைப்பில்தான் விரிசல் விழும்.

புட்டியின் இரு பகுதிகளையும் சம அளவு எடுத்து, கையுறை போட்டு, ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது. கம்பியில் அப்பி, ஓரத்தை ஈர விரலால் இழையுங்கள். ஸ்ட்ரா முனையைச் சாய்த்து அழுத்தினால் பிறை பிறையாகச் செதில் விழும், பார்க்கவே அழகு! பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கொம்புக்குப் பாலிமர் களிமண் (சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) என்றால் தனியாகச் சுட்டு ஒட்டுங்கள். பொம்மையோடு சேர்த்து ஓவன் அடுப்பில் வைத்தால், 130 டிகிரி செல்சியஸில் கால்கள் துவண்டுவிடும்.